யாருடைய கட்டாயமும் இன்றி

குருமடம்
ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இருமல் போய்விட்டது, பசி வந்துவிட்டது, ஆகவே என் உடம்பைப் பற்றி நீ இந்த மாதம் கவலைப்பட வேண்டாம். உன் முதுகு, அம்மாவின் கண், அத்தானின் முழங்கால் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று வரிசையாக எழுது. போன கடிதத்தில் முழங்காலை விட்டுவிட்டாய்.

ஜூலையில் எங்கள் வகுப்புக்குத் திருத்தொண்டர் பட்டம் என்று ஆயர் தேதி கொடுத்துவிட்டார். குருப்பட்டத்துக்கு முந்தின படிதானே என்று அம்மா சாதாரணமாகச் சொல்லுவாள். உண்மையில் அதுதான் திரும்பி இறங்க முடியாத படி. கல்யாணம் இல்லை என்பதும், ஆயர் சொல்லுக்குக் கீழ்ப்படிவதும் சாகும்வரைக்கும் என்று அன்றைக்கே முடிவாகிவிடும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதிபர் சாமியார் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். அச்சடித்தது எதுவும் கிடையாது. அவரவர் கைப்பட எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். யாருடைய கட்டாயமும் இன்றி, முழு மனச் சுதந்திரத்தோடு, நானே விரும்பி இந்தப் பட்டத்தைக் கேட்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மே மாதம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். என் பக்கத்து அறைக்காரன், அந்த ஒல்லிப் பையன் குண்டூசி, பல் தேய்க்கிற நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். நான் ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். "யாருடைய கட்டாயமும் இன்றி" வரை வந்ததும் பேனா நின்றுவிடுகிறது.

உனக்குத் தெரியாத கதை இல்லை. உனக்கு மூளைக்காய்ச்சல் வந்து டாக்டர் கைவிரித்தபோது நான் அம்மா வயிற்றில் இருந்தேன். இவளைப் பிழைக்க வை, வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால் உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். நீ பிழைத்தாய். நான் ஆணாகப் பிறந்தேன். "கருவிலேயே கடவுள் பேர் சொல்லிக் கூப்பிட்ட புள்ள" என்று அம்மா ஊரெல்லாம் சொல்வதைக் கேட்டுத்தான் நான் நடக்கப் பழகினேன். பெற்றோர் நேர்ந்தது நேர்ந்தவரை மட்டும்தான் கட்டும், பிள்ளையைக் கட்டாது என்று சட்டப் புத்தகத்தில் படித்துத் தேர்விலும் எழுதினேன். நல்ல மதிப்பெண்தான் வந்தது. பேனாதான் நகரவில்லை.

போதாததற்கு இந்த வருஷம் அருள் பற்றிய பாடம். நடத்துகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரச் சாமியார். வகுப்பில் நின்றபடி கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருப்பார். உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தேர்ந்துகொண்டார் என்கிறார். மனிதன் சுதந்திரமானவன் என்றும் அதே மூச்சில் சொல்கிறார். கருவிலேயே கூப்பிட்டது கடவுளா, அம்மாவா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே. அவசரம் என்று நினைத்துத் தொலைபேசியிலும் கூப்பிட்டுவிடாதே. அதிபர் அறை மணி அடித்தால் யார் வீட்டிலோ சாவு என்று நாங்கள் எல்லோரும் பிரார்த்திக்க ஆரம்பித்துவிடுவோம்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
தம்பி


வீடு
ஜனவரி 29

என் அருமைத் தம்பிக்கு,

இங்கே மூன்று பேரும் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். நீ கேட்ட வரிசைப்படி: முதுகு பரவாயில்லை. அம்மாவுக்கு வலது கண்ணில் புகைமூட்டம், இடது கண்ணில் அதிகாரம். அத்தானின் முழங்கால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வலிக்கிறது, நான் மாவு அரைக்கச் சொல்லும்போது.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் லிஃப்ட் ரிப்பேர்க்காரர் அல்லவா, உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பட்டனை நாம அமுக்கறோம், தூக்கறது மோட்டார். இதுல சண்டை என்ன?" அதோடு விடவில்லை. நம் ஆட்கள் தலையெழுத்து என்று ஒரே வார்த்தையில் முடித்ததற்கு உங்களுக்கு ஏழு வருஷமா என்று கேட்கிறார். கடிகாரச் சாமியாரிடம் சொல்லிப் பார்.

எங்கள் தையல் பட்டறையில் பள்ளிச் சீருடை ஆர்டர் வந்து குவிந்திருக்கிறது. இருபது மடிப்புத் துணியை ஒன்றாக அடுக்கிச் சாக்கட்டியால் கோடு போட்டு வெட்ட வேண்டும். நான் இப்போது வெட்டு மேஜையில் இல்லை. பட்டன் தைக்கும் பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரிய கத்தரியைப் பிடித்துப் பிடித்துக் கை அலுத்துவிட்டது, வேறொன்றுமில்லை.

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், இனி அவள் பேச்சு: "சாமி, நீங்க நல்லா சாப்பிடணும். பட்டத்துக்கு வர்றவங்களுக்கு நான் பட்டியல் போட்டுக்கிட்டு இருக்கேன்." கேட்டாயா? பட்டம் வருவதற்கு முன்பே உன்னை "நீங்க" என்று சொல்லிப் பழகுகிறாள். நேற்று பேச்சுவாக்கில் "நீ" என்று வந்துவிட, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னும் நிறையச் சொன்னாள், எல்லாம் எழுதினால் தபால்தலை கட்டுபடியாகாது.

தாளைப் பற்றி நான் என்ன சொல்ல? மே மாதம் தூரத்தில் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு உட்காராதே. கொதிக்கிற பாலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பொங்காது, முகத்தைத் திருப்பினால்தான் பொங்கும்.

சளி பிடிக்காமல் தலையைத் துவட்டு.

அக்கா


குருமடம்
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இரண்டையும் கொஞ்சம் குறைவாக. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் பூசையில் கேட்கிறேன்.

அத்தானின் லிஃப்டை வகுப்பில் சொன்னேன். கடிகாரச் சாமியார் சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்: "பட்டனை அமுக்குற விரலைத் தூக்குறது யாரு?" அங்கேதான் சிக்கல். சில நூறு வருஷங்களுக்கு முன் இரண்டு துறவற சபைகள் இதற்காகவே மோதிக்கொண்டன. விரலையும் அருள்தான் அசைக்கிறது, அப்படி அசைத்தாலும் அது உன் விரலின் சுதந்திரமான அசைவுதான் என்றது ஒரு கட்சி. நீ எப்போது அமுக்குவாய் என்று கடவுளுக்கு முன்பே தெரியும், அதற்கேற்றபடி அருளைத் தருகிறார் என்றது மற்றது. வருஷக்கணக்கில் விசாரித்துவிட்டுப் பாப்பரசர் என்ன செய்தார் தெரியுமா? தீர்ப்புச் சொல்லவே இல்லை. ஒருவரை ஒருவர் பழிக்காமல் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். பெரியவர்களே தீர்க்காததை நான் மே மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. எட்டாம் வகுப்பு படித்தபோது எனக்கு இது வேண்டாம், நான் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல முடிவு பண்ணினேன். ராத்திரி படுக்கையில் முடிவு பண்ணினேன், காலையில் நீ மாடிப்படியில் விழுந்து மண்டை உடைந்து கிடந்தாய். ஞாபகம் இருக்கிறதா? தையல் போட்டார்கள். அன்றைக்கே கப்பலை மூழ்கடித்துவிட்டேன். நான் பின்வாங்கினால் கடவுள் உன்னைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று அப்போது நம்பினேன்.

இப்போது அறிவு வந்துவிட்டது. கடவுள் அப்படிப்பட்ட வியாபாரி இல்லை என்று பாடம் எடுக்கவும் என்னால் முடியும். ஆனால் வேண்டாம் என்று மனத்தில் ஒரு எண்ணம் எழும்போதெல்லாம் நீ எந்த மாடிப்படியில் நிற்கிறாயோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. இப்படிப்பட்டவன் "யாருடைய கட்டாயமும் இன்றி" என்று எழுதினால் அது பொய்ச் சத்தியம் இல்லையா?

ஒன்று விளக்கு. நீயாவது, வெட்டு மேஜையை விடுவதாவது? உன் கத்தரியை வேறொருவர் தொட்டாலே சண்டைக்குப் போகிறவள் நீ. கையில் என்ன?

உடனே எழுது.

தம்பி


வீடு
மார்ச் 18

என் அருமைத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, திட்டாதே. பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. எல்லோரும் இருக்கிறோம். அம்மா உன் பட்டத்துக்கு உடுத்த வேண்டிய சேலையை இப்போதே எடுத்து வெயிலில் போட்டாள்.

மாடிப்படி ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நான் அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன், அதனால் விழுந்தேன். கடவுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, செருப்புக்குத்தான் சம்பந்தம். இத்தனை வருஷம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா இருந்தாய்? படித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

கைக்கு ஒன்றுமில்லை. வயதாகிறது.

நீ தாளைப் பார். எங்களைப் பார்க்காதே.

அக்கா


வீடு
மார்ச் 18

வணக்கத்துக்குரிய அதிபர் சாமிக்கு,

தோத்திரம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களிடம் ஏழு வருஷமாகப் படிக்கிறவனின் அக்கா நான். முன்பின் பேசாமல் திடீரென்று எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும்.

என் வலது அக்குள் ஓரம் மார்பில் ஒரு கட்டி வந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. இப்போது கையைத் தூக்கிக் கத்தரி பிடிக்க முடிவதில்லை. ஆஸ்பத்திரியில் மே நடுவில் அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் எதுவும் சொல்ல முடியாதாம். டாக்டர் முகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

என் தம்பிக்கு இது தெரியக் கூடாது. நான் பிழைப்பதற்காக அம்மா அவனை நேர்ந்துவிட்ட கதை தங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் அந்தத் தாளை எழுத முடியாமல் தவிக்கிறான். இந்த நேரத்தில் என் உடம்பு தெரிந்தால் அடுத்த நிமிஷமே கையெழுத்துப் போட்டுவிடுவான், என்னைக் காப்பாற்றுவதற்காக. பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கையெழுத்துக்குள் அடைந்து கிடப்பான். ஒருமுறை என்னைக் கேட்காமல் என் உயிரை அவன் தலையில் கட்டினார்கள். இரண்டாம் முறை கட்ட நான் விடமாட்டேன்.

அம்மா அவனுக்குச் சொல்லச் சொல்லி நச்சரிக்கிறாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாததால் நான்தான் அவள் கடிதத்தையும் எழுதுகிறேன், ஆகவே அந்த வரியை மட்டும் விழுங்கிவிடுகிறேன். ஆனால் யார் கையையாவது காலையாவது பிடித்துத் தொலைபேசியில் கூப்பிடக்கூடும். அப்படி வந்தால் தாங்கள் அவனிடம் கொடுக்காமல் இருக்க வேண்டும். அவன் எழுதிக் கொடுக்கிறவரைதான்.

பயமாக இருக்கிறது சாமி. இந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம் தைரியசாலியாக நடிக்கிறேன். எனக்காகவும் ஒரு பூசை வையுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா


குருமடம்
மார்ச் 27

அன்புள்ள மகளுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதாக. உங்கள் கடிதத்தைப் படித்த அன்றிலிருந்து உங்களுக்காகப் பூசையில் வேண்டுகிறேன்.

உங்கள் தம்பி என்னிடம் கேட்காதவரை நான் சொல்லமாட்டேன். கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். இதற்கு மேல் வாக்குத் தர எனக்கு உரிமையில்லை. தொலைபேசி வந்தால் நானே பேசிக்கொள்கிறேன்.

நீங்கள் செய்வது சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன். அக்காவின் உடம்பைத் தெரிந்துகொள்ளும் உரிமை தம்பிக்கும் உண்டே. ஆனால் பயத்தில் வாங்கிய சம்மதம் இந்த வீட்டில் செல்லாது. அப்படிச் சம்மதித்து வந்தவர்களை இருபது வருஷம் கழித்து நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கடவுளை எதிர்க்கட்சி வக்கீல் போலப் பார்ப்பார்கள். ஆகவே உங்களோடு சேர்ந்து வாயை மூடிக்கொள்கிறேன், மனத்தாங்கலோடுதான்.

ஆஸ்பத்திரியில் அறுத்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.

ஆசீருடன்,
அதிபர்


குருமடம்
ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு திடம், மனமும் முதல் முறையாகத் திடம். நீதான் சுருக்கமாக எழுதிச் சுகமாக இருப்பதாக ஒப்பேற்றுகிறாய். ஈஸ்டருக்கு வந்த வாழ்த்து அட்டையில் உன் எழுத்து கோணலாக இருந்தது. இடது கையால் எழுதினாயா? அத்தானுக்கு எழுதிக் கேட்கலாமென்றால் அவர் பதில் எழுதுகிற ஆள் இல்லை.

நல்ல செய்தி சொல்கிறேன். சனிக்கிழமைகளில் நான் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போவேன் அல்லவா, அங்கே ஒரு பழைய சமையல்காரர் இருக்கிறார். கை இரண்டும் விளங்காது. கடவுளையும் திட்டுவார், கஞ்சியில் உப்பு போட்டவரையும் திட்டுவார், இரண்டாமவரைத்தான் அதிகமாக. நான்தான் ஊட்டுவேன். போன சனிக்கிழமை எங்களுக்கு ஆயர் வீட்டு அணியோடு கால்பந்து, இல்லத்துக்குப் போவதிலிருந்து விடுப்பும் கொடுத்துவிட்டார்கள். பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் எழுந்து இல்லத்துக்கு நடந்துவிட்டேன். யாரும் அனுப்பவில்லை. அம்மாவும் நினைவுக்கு வரவில்லை, நீயும் வரவில்லை. கால் தானாகப் போனது என்று எழுத வந்தேன், காலைத் தூக்கியது யார் என்று கடிகாரச் சாமியார் கேட்பது காதில் விழுந்து சிரித்துவிட்டேன். யார் தூக்கினால் என்ன, அது என் கால். எனக்குப் போகப் பிடித்திருந்தது.

பெரியவர் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு, "நீ சாமியாரானா திட்டுறதுக்கு எனக்கு வசதியா இருக்கும்டா" என்றார். வாழ்நாள் முழுக்க இப்படி யாராவது ஒருவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஊட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது அக்கா. பயமே இல்லாமல் வந்த ஆசை.

திரும்பி வந்து ஒரே மூச்சில் தாளை எழுதினேன். "யாருடைய கட்டாயமும் இன்றி" என்ற இடத்தில் பேனா நிற்கவில்லை. கையெழுத்து மட்டும் பாக்கி. மே முதல் வாரம் மௌன தியானம். அது முடிந்ததும் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

சந்தோஷமாக இரு. கையைக் காட்ட டாக்டரிடம் போ.

தம்பி


வீடு
மே 3

என் மகனுக்கு அம்மா சொல்லி, எதிர்வீட்டு டீச்சர் எழுதறது.

நான் சொல்றதை அப்படியே எழுதுன்னு டீச்சர்கிட்ட சொல்லியிருக்கேன், திருத்தக் கூடாதுன்னு. நீ நல்லா இருக்கணும். இங்க யாரும் நல்லா இல்ல. உங்கக்கா சொல்ல மாட்டா. நான் சொல்லச் சொன்னதையெல்லாம் அவ எழுதவே இல்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது, நீ அனுப்பின ஈஸ்டர் அட்டையை டீச்சர் படிச்சுக் காட்டினப்போ. அதுல அவ உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

அவளுக்கு மார்ல கட்டி. வர்ற பதினாறாம் தேதி அறுக்கறாங்க. புத்துநோயா இருக்கும்னு சந்தேகப்படறாங்க. கையைத் தூக்க முடியாம தலை சீவறதுக்குக்கூட உங்கத்தான்தான். நான் கண்ணு தெரியாதவ, ஆனா காது கேக்குது. குளிக்கற ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழறா.

அன்னைக்கு ஆண்டவர்கிட்ட உன்னைக் கொடுத்துத்தான் அவளை வாங்கினேன். நீ பட்டம் வாங்கிட்டா அவ பிழைச்சுக்குவா. நீ ஏதோ தயங்கறேன்னு அவளும் உங்கத்தானும் பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு. தயங்காதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்டா அவர் சும்மா இருப்பாரா? சீக்கிரம் எழுதிக் கொடுத்துடு.

உங்கக்காகிட்ட நான் எழுதினதைச் சொல்லாதே.

அம்மா


குருமடம்
மே 8

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை. நீ சுகம், சுகம் என்று எழுதியதையெல்லாம் எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தியானம் முடிந்து வந்ததும் அம்மாவின் கடிதம் மேஜையில் இருந்தது. டீச்சர் கையெழுத்தைப் பார்த்ததுமே யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எதற்காகச் சொல்லாமல் இருந்தாய்? நான் சின்னப் பிள்ளையா? அதிபரிடம் ஓடினேன். எனக்குத் தெரியும் என்றார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. கதவை உதைத்துவிட்டு வந்துவிட்டேன், பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அதில் எழுதியது அத்தனையும் உண்மை, எழுதிய அன்றைக்கு. இன்றைக்கு அதில் கையெழுத்துப் போட்டால் உன்னை வாங்குவதற்குப் போட்டதாகிவிடும். போடாவிட்டால் உன் உயிரை வைத்துச் சூதாடியதாகிவிடும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறேன், அந்த எறும்பு நான்தான் என்று தெரியாமல் படித்தேன். என் ஆசை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தேடினால் அம்மாவின் குரல்தான் கேட்கிறது.

போரில் ஜெயிக்கக் கடவுளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுச் சொந்த மகளையே பலி கொடுத்த ஒரு தலைவனின் கதை வேதத்தில் உண்டு. அந்தப் பெண் மலைகளில் அலைந்து அழுதாள் என்று இருக்கிறது. அவள் அழுததைக் கேட்டுக் கடவுள் என்ன நினைத்தார் என்று இல்லை.

தாளுக்கு மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது, வீட்டுக்குப் போவதென்றால் போ, தடுக்கமாட்டேன் என்கிறார் அதிபர். பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுது, வண்டி ஏறிவிடுகிறேன். இல்லை, நீயே சொல்லிவிடு: போடட்டுமா, வேண்டாமா? நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

தம்பி


வீடு
மே 24

என் அருமைத் தம்பிக்கு,

என் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் நீ ஒன்றும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு வரியாகத் தேடாதே. அத்தானை உட்கார்த்தி எழுதவைக்கிறேன், எழுத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. "நான் எழுதினா ஆண்டவரே படிக்க முடியாதே" என்கிறார்.

பதினாறாம் தேதி அறுத்தார்கள். நேற்று டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லவில்லை. உனக்கும் சொல்லமாட்டேன், நீ அதிபரிடம் ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுக்கிறவரை.

கோபம் வரும். வரட்டும், நானும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். "நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன்" என்று எப்படி எழுதினாய்? அம்மா உன் தலையில் ஏற்றியதை இறக்கி என் தலையில் வைக்கிறாயா? எனக்கு அது வேண்டாம்.

யோசித்துப் பார். அந்தக் கட்டி என்னவோ அது ஜனவரியிலேயே அதுவாகத்தான் இருந்தது. டாக்டர் சொன்னது சொன்னதுதான். இனி நீ பட்டம் வாங்கினாலும், கப்பலில் போனாலும், அவர் வாயிலிருந்து வந்ததில் ஒரு சொல் மாறாது. பேரம் பேசப் பொருளே இல்லை. நல்லது என்று சொன்னால் நன்றிக்காகக் கையெழுத்துப் போடுவாய். கெட்டது என்று சொன்னால் பயந்து போடுவாய், இல்லை கோபத்தில் கிழிப்பாய். அதனால்தான் சொல்லமாட்டேன். இப்போது நீ எதற்காகப் போட்டாலும், போடாவிட்டாலும், அது உன்னுடையது.

உங்கள் இரண்டு கட்சிச் சண்டை எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் நேற்றிலிருந்து ஒன்று புரிகிறது. எனக்குத் தெரிந்திருப்பதால் நீ எந்தப் பக்கமும் தள்ளப்படவில்லை. சொல்லியிருந்தால்தான் தள்ளியிருப்பேன். ஆனால் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கடிகாரச் சாமியார் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கமாட்டார். ஆண்டவர் எந்நேரமும் இப்படித்தான் இருக்கிறார் என்றால், பாவம் அவர்.

வராதே. என் முகத்தைப் பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும். எனக்கு மூடி மறைக்கிற முகம் இல்லை. இத்தனை நாள் உனக்குப் பதில் எழுதாமல் இருந்ததும் நீ வண்டி ஏறிவிடக் கூடாது என்றுதான்.

அம்மா எழுதியதை டீச்சர் என்னிடம் சொல்லிவிட்டார். பெரிய சண்டை போட்டேன். என்னைக் கேட்டா என் உயிருக்கு அவனை விலை வைத்தாய் என்று கேட்டேன். அவள் ஜெபமாலையைத் தேடி எடுத்துக்கொண்டாள். மறுநாள் அத்தானைக் கூட்டிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனாள். நேர்ந்தது நேர்ந்தவரை மட்டும்தான் கட்டும் என்று அவரும் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, "நேர்ச்சையா அது, எனக்குப் பயம்டி. ரெண்டு பேர்ல ஒருத்தரும் போயிடக் கூடாதுன்னு பயம்" என்றாள். அவள்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

உனக்கு அவள் சொன்ன ஒரு வரியை இந்த முறை விழுங்காமல் எழுதுகிறேன்: "அவனுக்குப் பிடிச்சதை அவன் செய்யட்டும். எனக்கு நடுங்குது, இருந்தாலும் செய்யட்டும்."

பெட்டியை அவிழ்த்து வை. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


குருமடம்
மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

தூக்கம் இல்லாததைத் தவிர நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு இப்போது அனுமதி கிடைத்துவிட்டது, அதனால் கேட்கிறேன். கடைசியில் மறுபடியும் கேட்பேன்.

உன் கடிதம் வந்த அன்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அத்தானின் கோழிக் கிறுக்கலில் ஏதாவது கசிந்திருக்குமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்" என்கிறாளே, உட்கார முடிகிறதென்றால் நல்ல செய்திதானோ என்று கணக்குப் போட்டேன். "பாவம் அவர்" என்கிறாளே, அப்படியானால் கெட்ட செய்தியோ என்று அழித்தேன். இரண்டு நாள் இதே வேலை. ஆலயத்தில் முழங்காலில் இருந்து, இவளைக் காப்பாற்றும், நான் போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நீ எழுதியது உறைத்தது. டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. கடை மூடிக்கிடக்கிறது.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பேரம் பேசாமல் நான் கடவுள் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. என்ன பேசுவதென்றே தெரியவில்லை. அழுகைதான் வந்தது, உன்னை நினைத்து. கருவிலேயே கூப்பிட்டது யார் என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் வரவில்லை. அம்மா தன் பயத்தில் நேர்ந்ததையும் அவர் தம் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நீ பிழைத்தாலும் நான் இதைக் கேட்பேன். நீ இல்லாமல் போனாலும், அவரோடு பேசாமல் ஒரு வருஷம் இருப்பேனே ஒழிய, இதைக் கேட்காமல் விடமாட்டேன். இதை எழுதுவது எனக்கே பயங்கரமாக இருக்கிறது. ஆனால் பொய் இல்லை.

இன்று காலை புதுத் தாள் வாங்கி அதிபர் முன்னாலேயே எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். பயம் போய்விட்டதா என்று கேட்டார். போகவில்லை என்றேன். அவர் தாளை மேஜைக்குள் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டு வா என்றார். நாளை சாயங்காலம் புறப்படுகிறேன். இந்தக் கடிதத்தைக் கொடுக்கச் சொல்லி, உங்கள் பக்கம் இன்றே வருகிற பால் வண்டிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். நாளை மதியம் வரைக்கும் அவர் அங்கேதான் இருப்பார். பதிலை அவரிடமே கொடுத்தனுப்பு. உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள என்னால் முடியாது, அதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

எப்படி இருக்கிறாய், அக்கா? பிரித்துப் படிக்க எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று யோசிக்காதே. இல்லை. ஆனாலும் சொல்.

தம்பி